‘சீனியர் பி’, ‘சீஸ்ஃபெஸ்ட்’: ஸ்கேட்டிங் பட்டப்பெயர்கள் வந்த வழி

வாசகர் கேள்வி: ஒரு மாத இதழுக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றி எழுதி வருகிறேன். சென்ற கட்டுரையில் ஜெர்மனியில் நடக்கும் நெபல்ஹார்ன் கோப்பையை ‘சீனியர் பி’ போட்டி என்று குறிப்பிட்டிருந்தேன். “பி இருந்தால் ஏ எங்கே? இரண்டாந்தரப் போட்டிக்கு எதற்கு இரண்டு பக்கம்?” என்று கேட்ட ஆசிரியர், கட்டுரையைப் பாதியாக வெட்டிவிட்டார். இன்னொரு பக்கம் என் நண்பர், ‘சீஸ்ஃபெஸ்ட்’ என்ற பெயர் ஒரு சீஸ் நிறுவனம் போட்டிக்குப் பணம் கொடுத்ததால் வந்தது என்று சாதிக்கிறார். இந்தப் பெயர்கள் உண்மையில் எப்படி வந்தன? அச்சில் இவற்றைப் பயன்படுத்தலாமா? பின்குறிப்பாக ஒன்று: ‘ஸ்கேம்’ என்று ரசிகர்கள் எழுதுவது எந்தப் போட்டியை?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி சரியானது. கத்தரியை எடுத்ததுதான் தவறு. விளையாட்டுச் செய்திகளைத் திருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அவர் பக்கமும் எனக்குப் புரிகிறது. ‘பி’ என்ற ஒற்றை எழுத்து ஒரு கட்டுரையின் நடுவில் விளக்கமில்லாமல் நின்றால், படிப்பவர் அதை மதிப்பெண் அட்டையில் உள்ள ‘பி’யாகத்தான் படிப்பார்.

முதலில் ஏ விவகாரம். சர்வதேச ஸ்கேட்டிங் யூனியனின் விதிநூலில் ‘சீனியர் ஏ’ என்று ஒரு பிரிவு கிடையாது. ‘சீனியர் பி’யும் கிடையாது. இருப்பது வேறொரு அடுக்கு. உச்சியில் ஒலிம்பிக். அதற்கு அடுத்து யூனியன் தானே நடத்தும் சாம்பியன்ஷிப்புகள்: 1896 முதல் நடந்துவரும் உலகப் போட்டி, அதைவிட ஐந்து வயது மூத்த ஐரோப்பியப் போட்டி, ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக 1999-இல் தொடங்கிய நான்கு கண்டங்கள் போட்டி, இவற்றுடன் உலக ஜூனியர் போட்டி. அடுத்த படியில் கிராண்ட் பிரீ தொடர். 1995-இல் ‘சாம்பியன்ஸ் சீரிஸ்’ என்று தொடங்கி, 1998-இல் இன்றைய பெயரைப் பெற்றது. இதற்கும் கீழே, ஏதாவது ஒரு நாட்டின் ஸ்கேட்டிங் சங்கம் மற்ற நாடுகளை அழைத்து நடத்தும் போட்டிகள் ஏராளமாக உண்டு. ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃபில் நெபல்ஹார்ன், குரோஷியாவில் ‘ஸாக்ரெப் தங்கச் சுழல்’, ஸ்லோவாக்கியாவில் நெபேலா நினைவுப் போட்டி என்று பட்டியல் நீளும்.

இந்தக் கடைசி வகைக்கு விதிநூல் வைத்திருந்த பெயர் ‘சர்வதேசப் போட்டி’ என்பதுதான். அது பெயரே அல்ல. உலகப் போட்டியும் சர்வதேசப் போட்டிதானே? ஒரு பயிற்சியாளர் “அக்டோபரில் ஒரு சர்வதேசப் போட்டிக்குப் போகிறோம்” என்று சொன்னால் கேட்பவருக்கு எதுவும் விளங்காது. ‘பி’ பிறந்தது இந்த இடைவெளியில். சீனியர் நிலைப் போட்டிகளில் பெரியவை எல்லாவற்றுக்கும் சொந்தப் பெயர் இருந்ததால் அவற்றை ‘ஏ’ என்று அழைக்க யாருக்கும் தேவை வரவில்லை. மீதமிருந்த பெரும் கூட்டத்துக்கு மட்டும் ஒரு பொதுப்பெயர் வேண்டியிருந்தது. ஏ இல்லாமல் பி மட்டும் இருப்பதன் காரணம் அதுதான். ‘சீனியர்’ என்பதற்கும் ஒரு வரி விளக்கம் தந்துவிடுங்கள். அது நோவிஸ், ஜூனியர் என்ற படிகளுக்கு மேலே உள்ள நிலை. மூத்த குடிமக்கள் போட்டி என்று நினைத்துக்கொண்ட வாசகர்கள் உண்டு.

2014-15 பருவத்தில் யூனியன் இந்தக் கூட்டத்திலிருந்து சுமார் பத்துப் போட்டிகளைத் தேர்ந்தெடுத்து, ‘சேலஞ்சர் தொடர்’ என்று பெயர் சூட்டியது. அதிகாரபூர்வமான பெயர் வந்ததும் பட்டப்பெயர் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, சுருங்கிக்கொண்டது. இப்போது பழகியவர்கள் ‘சேலஞ்சர்’ என்று ஒன்றையும், அதில் சேராத எஞ்சியவற்றை ‘சீனியர் பி’ என்றும் சொல்கிறார்கள். உலகத் தரவரிசைப் புள்ளிகளிலும் இந்தப் படிகளைப் பார்க்கலாம். நீண்ட காலமாக நடப்பில் உள்ள கணக்கின்படி உலகப் போட்டியில் வென்றால் 1,200 புள்ளி, கிராண்ட் பிரீ ஒன்றில் வென்றால் 400, சேலஞ்சரில் 300, மற்ற சீனியர் சர்வதேசப் போட்டியில் 250. கடைசி இரண்டுக்கும் இடையே ஐம்பதுதான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள்.

இனி, இரண்டு பக்கம் எதற்கு என்ற கேள்வி. இதற்கு நான் வாதாடப் போவதில்லை; நடந்ததைச் சொல்கிறேன். நான்கு சுழற்சி லூப் தாவலைப் போட்டியில் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தவர் ஜப்பானின் யுசுரு ஹன்யூ. நாள் 30 செப்டம்பர் 2016, இடம் மொன்றியல், போட்டி ‘ஆட்டம் கிளாசிக்’ (ஆட்டம் என்பது இங்கே இலையுதிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்). நான்கு சுழற்சி ஆக்ஸல், அதாவது முன்னோக்கித் தாவி நான்கரைச் சுற்று சுற்றி இறங்கும் தாவல், மனிதனால் முடியாது என்று பலர் எழுதிவைத்திருந்தது. அதை அமெரிக்காவின் இலியா மாலினின் 14 செப்டம்பர் 2022 அன்று லேக் பிளாசிடில் செய்தபோது அவருக்கு 17 வயது. அது யு.எஸ். கிளாசிக் என்ற போட்டி. இரண்டுமே சேலஞ்சர் தொடரைச் சேர்ந்தவை. பழைய வழக்கில் சொன்னால் ‘பி’. நான்கு சுழற்சி லட்ஸ் இன்னும் கீழே பிறந்தது: 2011 செப்டம்பரில் பிராண்டன் மிரோஸ் அதை முதலில் செய்துகாட்டியது கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த ஓர் உள்நாட்டு அழைப்புப் போட்டியில்.

இது தற்செயல் அல்ல. மூன்று நிகழ்வுகளும் செப்டம்பரில் நடந்தவை என்பதைப் பாருங்கள். பருவம் தொடங்கும் நேரம் அது. புதிய இசை, புதிய நடன அமைப்பு, கோடையில் பழகிய புதிய தாவல் எல்லாவற்றையும் நடுவர்கள் முன்னால் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். விழுந்தாலும் பருவம் பாழாகாத இடம் வேண்டும். உலகப் போட்டியில் யாரும் முதல்முறையாகச் சூதாட மாட்டார்கள். பெரிய வீரர்கள் சிறிய போட்டிகளுக்கு வருவதே இதற்காகத்தான். சிறிய நாட்டு வீரர்களுக்கோ காரணம் வேறு. உலகப் போட்டியில் காலெடுத்து வைக்கவே குறைந்தபட்சத் தொழில்நுட்பப் புள்ளி ஒன்று தேவை. கிராண்ட் பிரீ அழைப்பு வராதவர் அந்தப் புள்ளியை இதுபோன்ற போட்டிகளில்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

நீங்கள் எழுதிய நெபல்ஹார்னுக்கு இன்னும் பெரிய கதை உண்டு. 1969-இல் தொடங்கிய அந்தக் கோப்பை, ஊருக்கு மேலே நிற்கும் மலையின் பெயரைக் கொண்டது. ஒலிம்பிக்கில் நிரப்பப்படாமல் மீதமிருக்கும் இடங்களுக்கான தகுதிப் போட்டியாக அது 2009, 2013, 2017, 2021 என்று நான்கு முறை நடந்தது. 2017-இல் வட கொரியாவின் ரியோம் தே-ஓக், கிம் ஜு-சிக் ஜோடி அங்கே ஆறாவதாக வந்து, தென் கொரியாவில் நடக்கவிருந்த பியோங்சாங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. இரு கொரியாக்களும் பேசிக்கொள்ளாத நேரம் அது. அந்த ஆறாவது இடம் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டிச் செய்தியானது. இதற்கு இரண்டு பக்கம் அதிகம் என்றால் எனக்கு வருத்தம்தான்.

அடுக்கு நிலையானதும் அல்ல. ஃபின்லாண்டியா கோப்பை நெடுங்காலம் ‘சீனியர் பி’யாக இருந்து, பிறகு சேலஞ்சர் ஆகி, 2024-இல் கிராண்ட் பிரீ தொடருக்குள்ளேயே வந்துவிட்டது. பெயர் அதே பெயர், எழுத்துதான் கழன்றுவிட்டது.

இப்போது ‘சீஸ்ஃபெஸ்ட்’. இது வேறு குடும்பத்துப் பெயர். ‘பி’ அடுக்கைச் சொல்கிறது. ‘சீஸ்ஃபெஸ்ட்’ ரசனையைக் கேலி செய்கிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டதால்தான் உங்களுக்கும் நண்பருக்கும் இந்தச் சிக்கல். நெபல்ஹார்னை எந்த ரசிகரும் சீஸ்ஃபெஸ்ட் என்று சொல்ல மாட்டார்.

இந்தச் சொல் குறிவைத்தது 1990-களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகவே உருவாக்கப்பட்ட போட்டிகளை. அந்தக் காலத்தைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லின் குத்தல் விளங்காது. 6 ஜனவரி 1994 அன்று டெட்ராய்டில் நான்சி கெரிகன் முழங்காலில் தாக்கப்பட்டார். தாக்குதலின் பின்னணியில் போட்டியாளர் டோன்யா ஹார்டிங்கின் முன்னாள் கணவர் இருந்தார் என்று தெரியவந்தது. அடுத்த மாதம் லில்லஹாமர் ஒலிம்பிக்கில் இருவரும் ஒரே களத்தில் இறங்கிய ஷார்ட் புரோகிராம் (முதல் சுற்றான குறும் ஆட்டம்) இரவில், அமெரிக்காவில் தொலைக்காட்சி உள்ள வீடுகளில் 48.5 சதவீதம் அதைப் பார்த்தன. ஒளிபரப்பிய சி.பி.எஸ். நிறுவனமோ, சில வாரங்களுக்கு முன்புதான் அமெரிக்கக் கால்பந்தின் ஒளிபரப்பு உரிமையை ஃபாக்ஸிடம் பறிகொடுத்திருந்தது. ஒரு பக்கம் ஞாயிற்றுக்கிழமைகள் காலி, இன்னொரு பக்கம் நாடே ஸ்கேட்டிங் பார்க்கிறது. பிறகென்ன? அந்த ஆண்டு இறுதியிலேயே ‘ஐஸ் வார்ஸ்’ என்ற பெயரில் அமெரிக்காவுக்கும் ‘உலக’த்துக்கும் அணிப்போட்டி வந்தது. மற்ற நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. ராக் இசைக்கு மட்டும் ஆடும் போட்டி, ஆண்களும் பெண்களும் அணி பிரிந்து மோதும் போட்டி, ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களை மட்டும் கூட்டி நடத்திய போட்டி என்று வரிசையாக முளைத்தன.

இவற்றுக்கு முன்னாலும் தொழில்முறைப் போட்டிகள், அதாவது யூனியனின் வரம்புக்கு வெளியே பணத்துக்காக ஆடும் போட்டிகள், உண்டு. 1948, 1952 ஒலிம்பிக் சாம்பியனான டிக் பட்டன் உருவாக்கிய உலகத் தொழில்முறைப் போட்டி, 1980 முதல் மேரிலாந்தின் லாண்டோவரில் ஆண்டுதோறும் நடந்து மதிப்போடு விளங்கியது. யூனியன் போட்டிகளில் அப்போது நடுவர்கள் ஆறுக்கு மதிப்பெண் போட்டார்கள், அங்கே பத்துக்கு. ஆனால் 1994-க்குப் பிறகு வந்த வெள்ளத்தில் நல்லதும் கெட்டதும் அடையாளம் தெரியாமல் கலந்தன. விதி என்று ஒன்று இருந்ததா என்றே சந்தேகம் வரும் வகையில் மதிப்பெண்கள் வாரி வழங்கப்பட்டன. தொப்பி, நாற்காலி, மின்னும் உடை, பாடல் வரிக்கு வாயசைப்பு, முடிவில் எல்லோருக்கும் பரிசு. ஆங்கிலப் பேச்சு வழக்கில் மலிவான, மிகையான, அசடு வழியும் ரசனையைக் குறிக்க ‘சீஸி’ என்ற சொல் நெடுநாளாகவே இருக்கிறது. அதனுடன் திருவிழாவைக் குறிக்கும் ‘ஃபெஸ்ட்’ ஒட்டிக்கொண்டது. அந்தக் கூட்டுச்சொல்லும் ஸ்கேட்டிங்குக்கே உரியதல்ல. மலிவான கேளிக்கை எதையும் அப்படிச் சொல்வார்கள். ஸ்கேட்டிங் ரசிகர்கள் அதைக் கையில் எடுத்து ஒரு வகைப் போட்டிக்கே பெயராக்கிவிட்டார்கள். வெறுப்பில் மட்டுமல்ல, பாதி செல்லமாகவும். திட்டிக்கொண்டே விடாமல் பார்த்தவர்கள்தான் அந்தப் பெயரைப் பரப்பியவர்கள்.

சீஸ் எப்படி மட்டத்தைக் குறிக்க வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சையில் ‘சீஸ்’ என்றால் முதல்தரமானது, அசலானது என்று பொருள். 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, அது பொருள் அல்லது வஸ்து என்று அர்த்தம் தரும் ‘சீஸ்’ என்ற பாரசீக, இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறது. அப்படிப் பார்த்தால் பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் நண்பரின் சீஸ் நிறுவனக் கதைக்கு வருவோம். அவர் அதை வெறுங்காற்றில் பிடித்திருக்க மாட்டார். லண்டனின் ரிச்மண்ட் அரங்கில் 1980-களில் ‘செயின்ட் ஐவல் இன்டர்நேஷனல்’ என்ற போட்டி நடந்தது உண்மை. செயின்ட் ஐவல் ஒரு பிரிட்டிஷ் பால்பொருள் வணிகப்பெயர், சீஸும் விற்றது. கதை இத்தனை கச்சிதமாகப் பொருந்துவதே எனக்கு முதல் சந்தேகம். அந்தப் போட்டி பிரிட்டனில் நடந்தது. பட்டப்பெயர் ஒட்டியது அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டிகளின் மேல். அது 1980-களைச் சேர்ந்தது. இது 1990-களின் விளைச்சல். அது முறையான விதிகளின்படி நடந்த சர்வதேசப் போட்டி. இதுவோ அந்த விதிகள் இல்லாததையே கேலி செய்யும் பெயர். இடம், காலம், வகை மூன்றும் ஒட்டாத இடத்தில் ஒரு தற்செயலான பெயரொற்றுமைதான் மிஞ்சுகிறது. ஒரு சொல்லின் பிறப்பைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். பாதிக் கதைகள் அங்கேயே கழன்றுவிடும்.

விளம்பரதாரர் பெயர் போட்டியின் பெயராவது இந்த விளையாட்டில் சாதாரணம் என்பதால்தான் இத்தகைய ஊகங்கள் எளிதில் பிழைக்கின்றன. பிரெஞ்சு கிராண்ட் பிரீ ஒரு காலத்தில் லாலிக் என்ற கண்ணாடிக் கலைப்பொருள் நிறுவனத்தின் பெயரிலும், பிறகு எரிக் பொம்பார் என்ற காஷ்மீரக் கம்பளி ஆடை நிறுவனத்தின் பெயரிலும் நடந்தது. ஜெர்மன் போட்டி ஒன்று உறைய வைத்த உணவு விற்கும் பொஃப்ரோஸ்ட்டின் பெயரைத் தாங்கியது. பனிக்கட்டி அரங்குக்கு அதைவிடப் பொருத்தமான புரவலர் யார்? இதில் எனக்குப் பிடித்தது கிழக்கு ஜெர்மனியின் ‘நீல வாள்கள்’ கோப்பை. ஏதோ வீரகாவியம் போல ஒலிக்கும். உண்மையில் அது மைசென் பீங்கானின் வணிகச் சின்னமான குறுக்காக வைத்த இரண்டு நீல வாள்கள்.

பிறப்புச் சான்றிதழ் தெளிவாக இருக்கும் ஸ்கேட்டிங் சொல் ஒன்று வேண்டுமானால் ‘கிஸ் அண்ட் கிரை’யைச் சொல்லலாம். வீரர்கள் ஆடி முடித்து, பயிற்சியாளரோடு உட்கார்ந்து மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் இடம் அது. 1983 உலகப் போட்டி ஹெல்சிங்கியில் நடந்தபோது, ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஃபின்லாந்தின் ஜேன் எர்க்கோ சொன்னது. ஒருவரின் வாயிலிருந்து வந்த வேடிக்கைப் பேச்சு, இன்று யூனியனின் சொந்த ஆவணங்களிலேயே இருக்கிறது. ‘சீனியர் பி’க்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ‘சீஸ்ஃபெஸ்ட்’டுக்குக் கிடைக்கவும் போவதில்லை.

ஆனால் கேலி செய்யப்பட்ட விஷயங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைத்துவிட்டது என்பதைக் கட்டுரையில் நீங்கள் பயன்படுத்தலாம். தொழில்முறைப் போட்டிகளை மலிவு என்று இகழ்ந்தவர்கள் முதலில் சுட்டிக்காட்டியது வரிகளோடு கூடிய பாட்டையும் பின்புறக் குட்டிக்கரணத்தையும்தான். வரிகளோடு கூடிய இசை, தனிநபர், ஜோடிப் பிரிவுகளில் 2014-15 முதல் அனுமதிக்கப்பட்டது. குட்டிக்கரணம், 1976 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் டெரி குபிக்கா செய்துகாட்டிய பிறகு தடைசெய்யப்பட்டு, 2024-இல் மீண்டும் விதிக்குள் வந்தது. நேற்றைய சீஸ்ஃபெஸ்ட் சரக்குக்கு இன்று உலகப் போட்டியிலும் இடம் உண்டு.

அச்சில் பயன்படுத்தலாமா என்றால், என் பரிந்துரை இப்படி. ‘சீனியர் பி’யைத் தாராளமாக எழுதுங்கள், முதல்முறை வரும்போது, கிராண்ட் பிரீக்கும் சாம்பியன்ஷிப்புகளுக்கும் கீழே உள்ள சீனியர் நிலை சர்வதேசப் போட்டி என்று ஒரு வரி சேருங்கள். சேலஞ்சர் தொடரில் உள்ள போட்டியாக இருந்தால் ‘சேலஞ்சர்’ என்றே எழுதுங்கள், அதிகாரபூர்வமான பெயர் இருக்கும்போது பட்டப்பெயர் தேவையில்லை. ‘இரண்டாந்தர’, ‘துணை நிலை’ என்றெல்லாம் தமிழாக்க வேண்டாம். எழுத்தில் இல்லாத இழிவை அது ஏற்றிவிடும். இவற்றில் பல, மறைந்தவர்களின் நினைவாக நடப்பவை என்பதையும் மறக்க வேண்டாம்: நெபேலா 1972 ஒலிம்பிக் சாம்பியன், கஜகஸ்தானில் போட்டி நடப்பது, 2018-இல் கொலை செய்யப்பட்ட ஒலிம்பிக் பதக்க வீரர் டெனிஸ் டென்னின் பெயரில். அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் ‘இரண்டாந்தர’ என்று அச்சாவதை நான் என் பக்கத்தில் அனுமதிக்க மாட்டேன். ‘சீஸ்ஃபெஸ்ட்’டை 1990-களின் தொலைக்காட்சிப் போட்டிகளைப் பற்றி எழுதும்போது மட்டும், ரசிகர்கள் சொன்னதாகவே எழுதுங்கள். கனடா வீரர் கர்ட் பிரௌனிங் போன்றவர்களின் மிகச் சிறந்த ஆட்டங்களில் சில அத்தகைய மேடைகளில் வந்தவை என்பதால், மொத்தமாக அந்த முத்திரையைக் குத்துவது நியாயமும் ஆகாது.

பின்குறிப்புக்குப் பதில்: ‘ஸ்கேம்’ என்பது ஸ்கேட் அமெரிக்கா. இரண்டு சொற்களின் முன்பகுதிகளையும் ஒட்டிய சுருக்கம், சிறிய போட்டியும் அல்ல. கிராண்ட் பிரீ தொடரைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது (SkAm) நடுவில் வரும் பெரிய எழுத்து அதைக் காப்பாற்றிவிடும். தமிழில் அந்த வசதி இல்லை; அது மோசடி என்றுதான் படிக்கப்படும். நடுவர் தீர்ப்பு விவகாரத்தால் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவுக்கு இரண்டு தங்கம் கொடுத்த விளையாட்டு இது. ‘ஸ்கேமில் முதலிடம்’ என்று நீங்கள் தலைப்பிட்டால் விளக்கக் கடிதம் எழுதியே அடுத்த மாதம் போய்விடும். முழுப்பெயரையே எழுதுங்கள்.